நான்காம் குப்பி

வளர்ப்பு மலைப்பாம்புகள் மேல் ஒட்டும் உண்ணிகளை மரபணு பார்த்து இனம் பிரிப்பது என் வேலை. உண்ணி குடித்த இரத்தம் யாருடையது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். எங்கள் கைபட்டு ஏதாவது கலந்துவிட்டால் கண்டுபிடிப்பதற்காக, பணியாளர்கள் எல்லோருடைய மரபணுவும் கணினியில் இருக்கிறது.

இந்த மாதம் முதல் குப்பியில் வந்த உண்ணியில் என் அக்காவின் இரத்தம் இருந்தது. குடித்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. பாம்புக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

‘கலப்படம்’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டாம் வாரமும் அவள்தான். மூன்றாம் வாரமும் அவள்தான்.

“ஒரு எட்டு வந்துட்டுப் போங்கம்மா,” என்றார் குப்பி கொண்டுவந்த பராமரிப்பாளர். “உங்கக்கா உக்காருற நாற்காலிப் பக்கமே பாம்பு கண்ணாடில சாஞ்சு கெடக்குது.”

“கை வேலை முடியட்டும், வரேன்.”

அக்கா கடைசியாகக் கூப்பிட்டபோதும் இதையேதான் சொன்னேன். “உன் வேலை முடியறதுக்குள்ள என் பாம்பு பேரன் பேத்தி எடுத்துடும்டி,” என்று சிரித்தாள்.

நான் போவதற்குள் நான்காம் குப்பி வந்துவிட்டது. அதில் ஏழு உண்ணிகள் இருந்தன. ஏழையும் இரண்டு முறை பார்த்தேன். எல்லாவற்றிலும் பாம்பின் இரத்தம் மட்டுமே இருந்தது.