ஜெசிந்தாவின் கை

ஏட்டய்யா ஜெசிந்தாவைப் பார்த்துத்தான் சிரித்தார்.

ஜெசிந்தாவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றிருந்தார்கள். இருவர் கையிலும் ஒரே மாதிரித் துப்பாக்கி. கருவூலக் காவல் முடிந்து, ஒரே வண்டியில்தான் ஆயுதப்படை மைதானத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

சிரிப்பு மட்டும் ஜெசிந்தாவுக்கு.

"என்னம்மா, மெட்ராசுக்குப் போயி நம்ம மாவட்டத்து மானத்தக் காப்பாத்திருவியா?"

காவலர்களுக்கான மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி. மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு பெண்தான் போகலாம். யார் என்று இன்று மாலை ஏட்டய்யா இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும். கடைசிப் பயிற்சியில் இருவரும் சமம்.

அப்படியிருந்தும் கேள்வி ஜெசிந்தாவுக்குத்தான்.

பக்கத்தில் நின்ற அவளுக்கு வயிறு எரிந்தது.

இத்தனைக்கும் ஜெசிந்தா வேலையில் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவள். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். கொண்டுவந்த சோற்றில் பாதியைத் தள்ளுவாள். அது வேறு எரிச்சல். கெட்டவளாக இருந்து தொலைத்திருந்தாலாவது நிம்மதியாக வெறுக்கலாம்.

ஜெசிந்தா முழங்கையை எங்கே ஊன்றுகிறாள், மூச்சை எப்போது பிடிக்கிறாள் என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து வந்தாள். வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, துடைப்பத்தைத் தோளில் வைத்து, அதே மாதிரி செய்து பார்ப்பாள். ஒருநாள் புருஷன் பார்த்துவிட்டான். பல்லியையா சுடப் போகிறாய் என்று கேட்டான்.

அப்படிப் பார்த்துச் செய்த பிறகுதான் அவளுக்குக் குறி படிய ஆரம்பித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏட்டய்யா மணல் தொட்டியைக் காட்டினார்.

துப்பாக்கியைக் கிடங்கில் ஒப்படைக்கும் முன் எல்லோரும் இங்கே வந்து நிற்க வேண்டும். குழல் மணலைப் பார்த்து இருக்க வேண்டும். முதலில் தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு குழலின் பின்கதவான போல்ட்டை இழுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். கடைசியாக விசையை அழுத்த வேண்டும். 'டிக்' என்று வெறும் சத்தம் வந்தால் துப்பாக்கி காலி.

வரிசை மாறக் கூடாது. மேகசின் இருக்கும்போதே போல்ட்டை இழுத்து விட்டால், ஒரு தோட்டா குழலுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் மேகசினைக் கழற்றி என்ன புண்ணியம்?

பயிற்சிக் காலத்தில் முதலில் மண்டையில் ஏற்றிய பாடம் அது.

இருவரும் குழலை மணலுக்குக் காட்டினார்கள்.

ஜெசிந்தா இன்னும் ஏட்டய்யாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். கூச்சமாக, சிரித்துக்கொண்டே.

அவள் ஜெசிந்தாவின் கையையே பார்த்தாள்.

அந்தக் கை போல்ட்டை இழுத்து விட்டது.

அப்புறம் மேகசினைக் கழற்றியது.

மாற்றிச் செய்துவிட்டாள்.

ஏய், நில்லு என்றால் போதும். வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது.

குழல் மணலில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். யார் உயிருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரு சத்தம் கேட்கும். அதற்கப்புறம் மெமோ வரும், விசாரணை வரும். போட்டிக்கு வேறு ஆள் பார்ப்பார்கள்.

வேறு ஆள் இருக்கவே இருக்கிறாள்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

விசையை அழுத்தச் சொல்லி ஏட்டய்யா கையைக் காட்டினார்.

வெடித்தது.

முதலில் வந்தது சந்தோஷம். சத்தம் காதில் விழுந்ததுமே வந்துவிட்டது. அப்புறம்தான் தன் கை அதிர்ந்தது அவளுக்குத் தெரிந்தது.

மணல் தெறித்து முகத்தில் அடித்திருந்தது. தன் துப்பாக்கியிலிருந்துதான் புகை வந்தது.

ஜெசிந்தா போல்ட்டை இழுத்துப் பிடித்தபடி நின்றாள். ஏதோ சந்தேகம் வந்து, விசையைத் தொடாமல், இன்னொரு தரம் இழுத்திருக்கிறாள். சுடாத தோட்டா ஒன்று ஜெசிந்தாவின் காலடியில் கிடந்தது.

அவள் தன் கையைப் பார்த்தாள். இத்தனை நாள் ஜெசிந்தாவின் கை செய்ததையெல்லாம் செய்து பழகிய கை. இன்றும் அதைத்தான் செய்திருக்கிறது. அவளைக் கேட்கவில்லை.

கிடங்கு ஜன்னலில் தலைகள் முளைத்தன. ஏட்டய்யா இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். யாருக்கும் அடிபடவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் முகத்தில் கோபம் ஏறியது.

விசை லூசாக இருக்கிறது என்று சொல்லலாம். காவலுக்குப் போகும்போதே யாரோ தோட்டாவைக் குழலில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அவள் எதைச் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஜெசிந்தா குனிந்து அந்தத் தோட்டாவை எடுத்தாள்.

பூட்ஸால் மணலில் தள்ளியிருக்கலாம். எல்லோரும் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளங்கையில் வைத்து ஏட்டய்யாவிடம் நீட்டினாள்.

"எனக்கும் உள்ள கெடந்துச்சு ஏட்டய்யா. பேசிக்கிட்டே மாத்திப் பண்ணிட்டேன். அக்கா என்னயப் பாத்துத்தான் பண்ணிருப்பாங்க. எப்பவும் அப்படித்தான்."

அப்படியென்றால் ஜெசிந்தாவுக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரியும்.

உண்மையைச் சொல்வதிலும் ஜெசிந்தா முந்திக்கொண்டாள். குறுகிப்போய் நின்ற அந்த நேரத்திலும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஏட்டய்யா தோட்டாவை வாங்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அவ மாத்திப் பண்ணத நீ பாத்தியா?"



வழக்கம்போல அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள்.