மரத்துக்கு ஒரு நம்பர்

மூன்றாவது முறையாக அந்த மாணவி வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். நூற்றாண்டு கண்ட தோட்டத்தை ஆவணப்படுத்தக் கிடைத்த உதவித்தொகை இந்த மாதத்தோடு முடிகிறது. அவள் மரங்களில் எழுதும் எண்களைத் தோட்டக்காரர் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"ஏண்ணே என் உயிரை வாங்கறீங்க?"

"நோட்டுல எழுதிக்கம்மா. நம்பர் போட்டா மரம் நிக்காது."

இந்தக் காலத்திலும் இப்படியொரு மூடநம்பிக்கை. சண்டை போடத் தெம்பில்லாமல் ஆபீசில் புகார் எழுதிக் கொடுத்தாள். மறுநாளே அவரை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பத்திரண்டு மரங்களுக்கும் நிம்மதியாக எண் எழுதி முடித்தாள்.

திங்கட்கிழமை கடைசிப் புகைப்படங்கள் எடுக்க வந்தபோது வாசலிலேயே மரத்தூள் வாசனை அடித்தது. உள்ளே ஏழெட்டு மரங்கள் தரையில் கிடந்தன.

"யார் வெட்டச் சொன்னது?" அவள் ஓடிப்போய்க் கேட்டாள்.

மரம் வெட்டுபவர் ரம்பத்தை நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"வருஷா வருஷம் வர்றதுதாம்மா. வெட்ட வேண்டிய மரத்துக்கு ஆபீஸ்ல நம்பர் போட்டிருப்பாங்க. இந்தத் தடவை தேடற வேலையே மிச்சம். யாரோ புண்ணியவான் பளிச்சுன்னு எழுதி வச்சிருக்காரு."