தரை முளை

வீட்டார் சொல்லை மீறி மணம் முடித்துப் பூமியின் மறுபக்கத்திலுள்ள பெரு நாட்டுக்குப் போன மகள் கோமதியின் போனைக் குற்றாலலிங்கம் எடுப்பதில்லை. அதனால் அவள் மாலைதோறும் பூமியின் வழியாகத் தட்டினாள். கூடத்தில் பாறைவரை இறக்கியிருந்த இரும்பு முளை மூன்று முறை அதிரும். பதில் தட்டினால் இனி மகளே இல்லை என்று சொன்ன சொல் என்னாவது என்று அவர் சுத்தியலைத் தொடமாட்டார்.

தை மாதத்தோடு முளை அடங்கிவிட்டது. மனைவியின் திதியன்றும் சத்தமில்லாததால், பழுதென்று, முளை இறக்கித் தந்த மைதீனை வரவழைத்தார்.

“முளை நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்க பதிலுக்குத் தட்டுனீயளா?”

“போற போக்குல கால் பட்டிருக்கும்.”

முளையின் பக்கவாட்டில் மட்டும் துரு தேய்ந்திருந்தது. மைதீன் சிரிக்கவில்லை.

“பக்கவாட்டுல ஆட்டுனா அங்க போவாது. பூமிக்கு நடுவுல இரும்பு கொழம்பாக் கெடக்கு, அதத் தாண்டாது. குனிஞ்சு நேரா கீழ குத்தணும்.”

அவன் போனதும் வாசற்கதவைத் தாழிட்டார். யாருக்கும் வளையாத முதுகை வளைத்து, மண்டியிட்டுச் சுத்தியலால் மூன்று முறை குத்தினார். அதிர்வு அங்கே போக இருபது நிமிடம், பதில் வர இருபது நிமிடம். எழுந்திருக்காமல் காத்திருந்தார்.

பத்தாவது நிமிடத்திலேயே முளை மூன்று முறை அதிர்ந்தது. அவர் தட்டியது அப்போதுதான் பூமியின் நடுவை எட்டியிருக்கும்; இது அவருக்கு முன்பே அவள் தட்டியது.