ஆடிட்டருக்கு ஒரு தொட்டி

"மண்ணுல கை வைக்கறதுக்கா இத்தனை வருஷம் ஆடிட்டரா இருந்தேன்? தக்காளி வேணும்னா கடையில வாங்கிக்கலாம். வெயில்ல நின்னு வளர்க்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?"

மனைவி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே, மொட்டை மாடித் தோட்டத்தில் கடைசியாக ஒரே ஒரு தொட்டிதான் மிச்சம், இன்றைக்கு விட்டால் பக்கத்து பிளாக்காரர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்றாள். ஒரு வாரமாக இதே பாட்டு.

ஆடிட்டருக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஊரே விவசாயப் பைத்தியம் பிடித்து அலைகிறது என்று நினைத்துக்கொண்டார். லிஃப்டில் ஏறினால் மண்புழு உரம், இறங்கினால் பூச்சிவிரட்டி. எதிர்வீட்டு அம்மாவிலிருந்து மூன்றாவது மாடி டாக்டரம்மா வரைக்கும், எப்போது மாடிக்கு வரப்போகிறீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை.

அவரும் சளைக்கவில்லை. முதுகுவலி என்றார். குனியவே வேண்டாம், தொட்டிகளை மேசைமேல்தான் வைத்திருக்கிறார்கள் என்றாள். வெயில் என்றார். மறுநாளே தொப்பி வந்தது. புழு பூச்சி என்றார். சாயங்காலம் கையுறை வந்தது.

உண்மையான காரணம் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கென்று மிஞ்சிய பெருமை ஒன்றே ஒன்றுதான். வீட்டில் அவர் கூடமாட இருப்பதால்தான் மனைவியால் சமாளிக்க முடிகிறது என்று மனதார நம்பினார். அடுப்பு எரிவதைக் கவனிப்பதும், எண்ணெய் கூடுவதைச் சொல்வதும், டப்பாக்களுக்கு மூடி மாறாமல் பார்ப்பதும் அவர்தான். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"நான் மேல போயிட்டா இங்க உனக்கு ஒத்தாசைக்கு யாரு இருக்கா?" என்று கேட்டே விட்டார்.

"நான் எப்படியோ பாத்துக்கறேங்க. கடைக்காய் முழுக்க மருந்து. நம்ம கையால வளர்த்த காய் ஒண்ணு சாப்பிடணும்னு ஆசைப்படறேன். அதுகூடத் தப்பா?"

தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு படியேறினார். தொட்டி வேண்டாம் என்று நேரிலேயே சொல்லிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் இறங்கிவிடுவதாகத் திட்டம்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், தலைக்கொரு தொப்பியோடு, அந்தக் கட்டடத்தில் ஓய்வு பெற்ற ஆண்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேங்க் மேனேஜர், ஹெட்மாஸ்டர், என்ஜினியர். எதிரே வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் வறண்ட மண். மருந்துக்குக்கூட ஒரு பச்சை இலை இல்லை.

ஆடிட்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கா சார் கட்டடமே இந்த ஆட்டம் ஆடுது? ஒரு கீரைகூட முளைக்கலையே. இருங்க, இப்பவே கீழ போய் எல்லா வீட்லயும் சொல்லிட்டு வரேன்."

பேங்க் மேனேஜர் அவர் கையைப் பிடித்து மெல்லப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"எனக்கு ஆறு மாசமா ஒண்ணுமே முளைக்கல சார். எங்க வீட்டம்மா ஒரு நாள்கூடக் காய் எங்கேன்னு கேட்டதில்ல. சமையல் முடியறதுக்குள்ள ஏன் இறங்கி வந்தீங்கன்னுதான் கேக்கறா."