முன்வாசல் கொடி

"ஏய் இருளாயி! வெளிய வாடி! என்னா கண்றாவிடி இது?"

ரப்பர்த் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசியின் மனைவி முத்தம்மா போட்ட சத்தத்தில் லயத்து வரிசை வீடுகளின் நாய்களெல்லாம் எழுந்து குரைத்தன. எதிர்வீட்டு முன்வாசல் கொடியில் ஏழெட்டுத் தீட்டுத்துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் நேராகப் பார்க்கவே முத்தம்மாவுக்குக் கூசியது.

இன்னும் ஒரு மணி நேரத்தில் மகள் நவமணியைப் பெண் பார்க்கச் சித்தியவானிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு லூமுட்டில் கப்பல் பட்டறையில் வேலை. காரை விட்டு இறங்கியதும் அவர்கள் கண்ணில் படப்போவது இந்தக் கொடிதான். ஏற்கனவே இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. இதுவும் போனால் மகள் வீட்டோடுதான்.

காலையிலிருந்தே அவள் கொதித்துக்கொண்டுதான் இருந்தாள். நாற்காலி துடைக்கலாம் என்று பார்த்தால், பழைய மஞ்சள்பூக் கைலி போன இடம் தெரியவில்லை. நவமணியோ குளிக்கப் போனவள் இன்னும் வந்தபாடில்லை. இப்போது இது வேறு.

இருளாயி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புருஷன் இல்லாதவள். ஒண்டியாளாகப் பால்மரம் வெட்டிப் பிழைப்பவள்.

"என்னாக்கா?"

"என்னாவா? நாலு ஆம்பளைங்க போற வர்ற எடத்துல இதக் கொண்டாந்து தொங்க விட்டிருக்கியே, வெக்கமா இல்ல உனக்கு?"

"பின்னால பூரா ரப்பர் மரம். நெழலு. வெயிலு இங்கதானேக்கா அடிக்குது?"

"வெயிலு எதுக்குடி இதுக்கு? நாங்கள்லாம் கட்டிலுக்கு அடியில மறைச்சுக் காய வெக்கல? செத்தா போயிட்டோம்?"

இருளாயியின் முகம் கறுத்துவிட்டது.

"ஈரத்துணிய இருட்டுல போட்டா பூஞ்சை புடிக்கும்கா. அதையே மறுபடி வெச்சா உள்ள புண்ணாகும், காய்ச்ச வரும். சவர்க்காரம் போட்டுக் கசக்கி, சுடுதண்ணியில கொதிக்க விட்டு, வெயில்ல மொறமொறன்னு காய வெச்சா ஒண்ணும் ஆகாது. துணி மேல குத்தமில்ல. நாம ஒளிச்சு ஒளிச்சு வெக்கிறோமே, அதான் குத்தம்."

"பெரிய டாக்டரு வந்துட்டா! வயித்துக் கட்டிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில ஒரு மாசம் படுத்துட்டு வந்ததுல இருந்து உனக்கு வாயி நீண்டு போச்சு. கந்தல வெச்சா சீக்குதான்டி வரும். எம் பொண்ணப் பாரு. ஈப்போ பேக்டரியில வேலை. சீனன் கடையில பாக்கெட்டுப் பேடு வாங்கித்தான் வெப்பா. எங்க வீட்டுக்குள்ள கந்தலே வரக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்லா!"

சற்று முன்தான் கந்தலை வைத்தும் 'செத்தா போயிட்டோம்' என்று கேட்டவள் இவள். கோபத்தில் அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்?

இருளாயி ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"அரை மணி நேரம் பொறுங்கக்கா. காஞ்சதும் நானே எடுத்திடுறேன். அவங்க வர்றதுக்குள்ள கொடியில ஒண்ணும் இருக்காது."

"அரை நிமிசம்கூட இருக்கக்கூடாது!"

கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்பை முத்தம்மா வெடுக்கென்று உருவினாள். கையால் தொடாமல், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, துணிகளை ஒவ்வொன்றாகக் கம்பு நுனியில் தூக்கினாள். வாசலைப் பெருக்கிக் கூட்டிய சருகு மூலையில் எரிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் அதில் போட்டாள்.

"ஐயோ, வேணாங்கா! அது வந்து..."

தடுக்க ஓடிவந்த இருளாயியைத் தோளால் இடித்துத் தள்ளினாள். பாதிக்கு மேல் காய்ந்த துணிகள் குப்பென்று பற்றிக்கொண்டன.

"இப்ப என்னா பண்ணுவே? போ, போயி வேற கந்தலக் கிழி!"

கீழே விழுந்த இருளாயி எழுந்து நின்றாள். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"எனக்கு எதுக்குடி துணி?" அக்கா என்ற சொல் அவள் வாயிலிருந்து காணாமல் போயிருந்தது. "வயித்துக் கட்டின்னு நான் சொன்னது பொய்யி! புண்ணாகி, சீழ் புடிச்சு, கர்ப்பப்பையவே எடுத்துட்டாங்க. துணிய எங்க காயப் போட்டேன்னுதான் டாக்டரு மொதல்ல கேட்டாரு. கட்டிலுக்கு அடியிலன்னு சொன்னேன். எனக்குத் தூரம் நின்னு ஒரு வருசம் ஆச்சுடி!"

முத்தம்மா கையிலிருந்த கம்பு நழுவி விழுந்தது.

"அப்ப... இது யாருது?"

இருளாயி, சொல்லமாட்டேன் என்று யாருக்கோ சத்தியம் செய்து கொடுத்தவள்போல வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். நெருப்பின் ஓரத்தில் எரியாமல் கிடந்த ஒரு துண்டில் மஞ்சள் பூக்கள் தெரிந்தன.

ரப்பர் மரங்களுக்கு அப்பால், செம்மண் பாதையில் கார் ஹாரன் கேட்டது. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள்.

"அம்மா!"

சத்தம் கேட்டுப் பாதி கட்டிய புதுச்சேலையோடு ஓடிவந்திருந்த நவமணி, நெருப்பையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை; கோபம்தான் இருந்தது.

"பேடு வெச்சுத் தொடையெல்லாம் புண்ணாப்போயி, இருளாயி அத்தை சொல்லிக் குடுத்துத்தான் இதுக்கு மாறினேன். எல்லாத்தையும் எரிச்சிட்டு நிக்கிறியே, இப்ப மாத்துறதுக்கு நான் எங்கம்மா போவேன்?"