ஏழாம் மாடியில் ஒரு பிரிண்டர்

எங்கள் குடியிருப்பில் ஆளானாலும் கருவியானாலும் தன்னால் என்ன முடியும் என்று கட்டடத்தின் கணினி வலையில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். தேவைப்பட்டவர்கள் தேடி வருவார்கள். எங்கள் மாடி சலவை இயந்திரத்துக்குக்கூட தினம் நாலு பேர் வருவார்கள். மனைவி போனபின் என்னிடம் அறிவிக்க ஒன்றுமில்லை. என் கதவை யாரும் தட்டவில்லை.

அதனால் நான் ஒரு பிரிண்டர் என்று அறிவித்துவிட்டேன்.

மறுநாளே எதிர்வீட்டு மெர்லினிடமிருந்து அச்சடிக்கச் சொல்லி நான்கு பக்கம் ஜெபப் பாட்டு வந்தது. நான் அதைக் கையால் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கதவைத் தட்டினாள். அவள் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.

"பிரிண்டர் எங்க சார்?"

"நான்தாம்மா. இன்னும் ஒரு பக்கம் பாக்கி, உட்காரு." வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் தாள்களைப் புரட்டினாள். "ரொம்ப மெதுவா ஓடுதே சார்."

"பழைய மாடல்மா. நடுநடுவே டீ ஊத்தணும்."

சிரித்துவிட்டுப் போனாள். அப்புறம் பல நாள் ஒன்றும் வரவில்லை. புகார் கொடுத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

நேற்று மாலை அவளிடமிருந்து ஒரு பக்கம் வந்தது. அதில் ஓர் எழுத்துகூட இல்லை. பிழையில்லாமல் அச்சடித்து எடுத்துப்போனேன். டீ தயாராக இருந்தது.

அவள் வீட்டிலும் ஒரே ஒரு நாற்காலிதான். பிரிண்டர் நின்றபடியே குடித்தது.