பங்குக்குருவின் கையெழுத்து

1988 மார்ச் 7, திங்கட்கிழமை, குட்மேய்ஸ், லண்டன். கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் மகளைச் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: பங்குக்குருவின் கையெழுத்து. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

எமில்டாவுக்கு அது ஐந்து நிமிட வேலை. இரண்டு வருடமாக ஒரு ஞாயிறு தவறாமல் பூசை கண்டிருக்கிறாள்.

பாதர் படிவத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இது இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது அங்கிலிக்கன் கோவில், கத்தோலிக்கக் கோவில் அல்ல என்றார். நானூற்றைம்பது வருடங்களுக்கு முன்புவரை இந்த நாட்டுக் கோவில்களெல்லாம் உங்களுடையவையாகத்தான் இருந்தன என்றும் சொன்னார், மன்னிப்புக் கேட்பவர் போல.

எமில்டாவைக் குறை சொல்ல முடியாது. அவள் வளர்ந்த ஊரில் கோபுரம் வைத்த பெரிய கோவில் கத்தோலிக்கருடையது. இங்கேயும் மாதா சுரூபம் இருந்தது, சாம்பிராணி இருந்தது, பாதரைப் பாதர் என்றே அழைத்தார்கள். தெருமுனையில் நின்ற செங்கல் கட்டடத்தைத்தான் அவள் புரட்டஸ்தாந்துக்காரருடையது என்று நினைத்து விலகி நடந்தாள்.

“பாதர் வீட்டில நிக்கிற மனுசியை நான் குசினிக்காரி எண்டெல்லோ நினைச்சன்,” என்றாள் கணவனிடம். “பெண்சாதியாம்.”

ஞானரட்ணம் சிரிக்கவில்லை.

லண்டனுக்கு வந்த முதல் வாரமே கோவிலைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். ஊரில் பூசை முடியும்வரை வாசலில் நின்று பேப்பர் படிப்பவர், இங்கே முன் வரிசையில் நின்று இங்கிலீஷ் பாட்டுகளைப் புத்தகம் பாராமல் பாடினார். நாடு விட்டு வந்தால் பக்தி கூடும் போல என்று எமில்டா சந்தோஷப்பட்டிருந்தாள்.

அந்தச் செங்கல் கட்டடம்தான் கத்தோலிக்கக் கோவில். அதன் பாதர் அயர்லாந்துக்காரர். கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் நேற்றுவரை கண்டிராத குடும்பத்துக்குக் கையெழுத்து வைக்க முடியாது என்றார்.

வெள்ளி காலை இருவரும் பழைய கோவிலுக்கே திரும்பிப் போனார்கள். அவர்களுக்கும் ஒரு பள்ளி இருந்தது. பெற்றோரில் ஒருவராவது சபை உறுப்பினராக இருக்க வேண்டும்.

பாதர் சபை உறுப்பினர் பட்டியலைப் புரட்டி ஒரு வரியில் விரலை வைத்தார். ஞானரட்ணம், 1986 மார்ச். ஞானஸ்நானம் பெற்ற சபை: அங்கிலிக்கன்.

எமில்டா கணவனைப் பார்த்தாள்.

“உம்மைக் கட்டுறதுக்காகக் கத்தோலிக்கத்துக்கு மாறினனான். பன்னிரண்டு வருசம் உம்மட கோவிலுக்கு வந்தன்,” என்றார் அவர். “நீர் ரெண்டு வருசம் என்ர கோவிலுக்கு வந்திருக்கிறீர்.”

பாதர் தங்கள் பள்ளிப் படிவத்தில் கையெழுத்து வைத்தார். செப்டம்பரில் மகள் அந்தப் பள்ளியில் சேர்ந்தாள்.